வேனுக்கு எனிமா கொடுத்த நாள்

திருப்பாச்சூரைத் தாண்டியதும் செருப்பின் வார் அறுந்தது. ஒற்றைச் செருப்போடு நடந்தால் இடுப்பு வலிக்கும். இரண்டையும் ஒரு மைல்கல்லின் மேல் ஜோடியாக வைத்துவிட்டு வெறுங்காலோடு நடந்தேன். திரும்பிப் பார்த்தால் அரிசி ஆலையின் புகைபோக்கி இன்னும் தெரிந்தது. அங்கே எட்டு மாதம் நெல் அவித்தேன். முதலாளியோடு சண்டை எதுவும் இல்லை. நீராவி பட்டு இடது முழங்கையில் தோல் உரிந்து, ஆறி, மறுபடி உரிந்தது. அதுவும் காரணம் இல்லை. எட்டு மாதம் எனக்கு நீண்ட காலம். ஒரு விடியற்காலை கொட்டகைக்குப் போகாமல் சாலைக்கு வந்துவிட்டேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வரிசையாக ஷெட் போடுகின்றன, கையும் காலும் ஒழுங்காக இருந்தால் உள்ளே எடுத்துக்கொள்கிறார்கள் என்று ஆலையில் மூட்டை தூக்கிய ஒருவன் சொல்லியிருந்தான். எனக்குப் படிப்பு ஏழாவதோடு சரி. அதற்குப் பிறகு மூன்று வருஷம் லாரியில் கிளீனர், ஒரு வருஷம் செங்கல் சூளை, கொஞ்ச நாள் ஓட்டலில் இலை எடுத்தது. கம்பெனியில் கேட்டால் லாரியை மட்டும் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். லாரி என்றால் மெக்கானிக் என்று அவர்களாக நினைத்துக்கொள்வார்கள்.

ஊத்துக்கோட்டை வரை மணல் லாரி. பெரியபாளையத்தில் கோயில் வாசலில் தூக்கம். மறுநாள் ஒரு வைக்கோல் வண்டி கவரப்பேட்டையில் இறக்கிவிட்டது. அங்கிருந்து வடக்கே நடக்கும்போது மணி ஒன்பது இருக்கும். வயிற்றில் ஒரு டீ மட்டும் இருந்தது. அப்போதுதான் அந்த வேனைப் பார்த்தேன்.

மேலே வெள்ளை, கீழே ஆகாய நீலம், மூக்கு சப்பை. என்ஜின் முழு மூச்சில் உறுமிக்கொண்டிருந்தது. வேனோ நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. பின்னால் ஐந்து பேர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார்கள். அவர்களில் காக்கிச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, "இன்னா நைனா, தேர் பாக்க வந்தாப்புல நிக்கிற? கை குடு" என்றார்.

கை கொடுத்தேன். லாரிக்காரனால் சும்மா தள்ள முடியாது. வலது பக்கம் ஓடி டிரைவர் ஜன்னலில் கத்தினேன்: "செகண்ட் கியர்ல போடுய்யா! நாங்க தள்ளச் சொல்லோ டக்குனு கிளச்ச வுடு!"

அந்த சீட்டில் மருந்துப் பாட்டில்கள் அடுக்கிய ஒரு கூடை உட்கார்ந்திருந்தது. மனிதர் யாரும் இல்லை. அந்தப் பக்கத்தில் ஸ்டீயரிங்கே இல்லை. இடது கோடியிலிருந்து வெள்ளைப் புடவை கட்டிய ஒரு கன்னியாஸ்திரீ எட்டிப் பார்த்து, "கிளச் கிடையாது தம்பி, தள்ளுங்க, போதும்" என்றார். பின்னால் தள்ளியவர்கள் சிரித்ததில் வேன் இரண்டடி பின்னால் வந்துவிட்டது.

அரை மைல் தள்ளி ஒரு மிஷன் டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். ஆள் உயர இரும்பு கேட். காக்கிச் சட்டைப் பெரியவர்தான் அங்கே வாச்மேன். அவர் ஒரு விரலால் தொட்டார், கேட் சத்தமே இல்லாமல் திறந்தது. கிணற்றில் முகம் கழுவப் போனால் ராட்டினமும் முனகாமல் சுற்றியது. இவ்வளவு ஊமையான இடத்தை நான் பார்த்ததில்லை. அதற்குள் கஞ்சி வந்துவிட்டதால் அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கவில்லை.

நான் குடித்து முடிக்கும் வரை சிஸ்டர் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் அவருடைய இடது கால் சூம்பியிருந்தது. இரும்புப் பட்டை போட்ட ஷூவோடுதான் நடை. வெளிநாட்டிலிருந்து யாரோ மிஷனுக்கு இந்தப் பழைய வேனைக் கப்பலில் தானமாக அனுப்பியிருக்கிறார்கள். கிளச் இல்லை, கியர் மாற்றும் வேலை இல்லை, ஸ்டீயரிங் தப்பான பக்கம் என்று எந்த டிரைவரும் இதைத் தொடவில்லை. வலது கால் ஒன்று போதும் என்று தெரிந்ததும் சிஸ்டர் இந்த வளாகத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓட்டக் கற்றுக்கொண்டாராம். இரண்டு வருஷமாக வாரத்தில் மூன்று நாள் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களுக்கு மருந்தோடு போய் வந்துகொண்டிருக்கிறார். இப்போது ஒரு மாதமாக என்ஜின் ஓடுகிறது, வண்டி ஓடுவதில்லை. தள்ளிவிட்டால் பிடித்துக்கொள்ளும், அப்படியே குப்பத்துக்குப் போய்விடலாம் என்று அன்று காலை சாலைக்குத் தள்ளி வந்திருந்தார்கள்.

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு காயலான் கடைக்காரர் வர்றார்" என்றார். "வண்டி ஓடலைன்னா எடுத்துக்கலாம்னு மெட்ராஸ்லேருந்து ஃபாதர் லெட்டர் குடுத்திருக்கார். பதிலுக்கு ஜீப்பு வரும், டிரைவரோட. டிரைவர் குப்பத்துக்கு மருந்து எடுத்துட்டுப் போவார். நான் இங்க உக்காந்து மாத்திரை எண்ணணும்."

"நீங்களும் ஜீப்புல போலாமே, சிஸ்டர்?"

"போலாம். பக்கத்து சீட்ல" என்று சொல்லிவிட்டு, காலிப் பாத்திரத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "உங்களுக்கு வண்டி வேலை தெரியுமா?"

"மூணு வருஷம் லாரி லைன்ல இருந்தேன்."

"இந்த மாதிரி வண்டி?"

"வண்டின்னா எல்லாம் வண்டிதான், சிஸ்டர்."

இதைச் சொன்னபோது நான் ஓர் ஆட்டோமேட்டிக் வண்டியின் உள்ளே ஒரு தடவைகூடத் தலையை விட்டதில்லை. ஆனால் கஞ்சியில் கருவாடு போட்டிருந்தார்கள். முடியாது என்று சொல்ல மனம் வரவில்லை.

வேனின் என்ஜின் முன்னால் இல்லை. இரண்டு முன் சீட்டுக்கும் நடுவில் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தது. மூடியைத் தூக்கினேன். என்ஜின் ஆயிலுக்கு ஒரு அளவுக்கம்பி, கியர் பெட்டிக்கு ஒரு அளவுக்கம்பி. இரண்டாவதை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்தேன். எண்ணெய் சரியாகக் கோட்டில் நின்றது. கருத்துப்போய், தீய்ந்த வெல்லப்பாகு மாதிரி வாசம் அடித்தது.

"தெனம் காலைல நான் பாத்துட்றேன் நைனா" என்றார் வாச்மேன் பெருமையாக. ரயில்வேயில் முப்பது வருஷம் தண்டவாளம் பிரியும் இடங்களுக்கு எண்ணெய் விட்டு ரிட்டயர் ஆனவர். "வண்டி சூடாவறதுக்கு முன்னாடி, பொழுது வுடியச் சொல்லோ. கோட்ட வுட்டு ஒரு நூலு ஏறாது, ஒரு நூலு எறங்காது."

எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது. லாரி லைனில் நாங்களும் அப்படித்தான். எலுமிச்சம்பழம் வைக்கும் முன்னால், சாவி போடும் முன்னால், கம்பியை உருவிப் பார்ப்போம். ஓடுகிற என்ஜினில் கம்பியை உருவுகிறவனை டிரைவர் செவிட்டில் அறைவார்.

"அளவு சரி. எண்ணெய் கெட்டுப்போச்சு. மாத்தினா ஓடும்" என்றேன் டாக்டர் மாதிரி.

புது எண்ணெய் இருந்தது. வேனோடு கப்பலில் வந்த ஒரு பெட்டி; பன்னிரண்டு டின்கள், ஒன்றையும் யாரும் உடைத்திருக்கவில்லை. மருந்து அறையில் டிங்சர் பாட்டில்களுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள்.

வேனின் அடியில் படுத்தேன். சிஸ்டர் ஸ்டூலைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, வேனோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னார். "கியர் பெட்டிக்கு அடியில தட்டு மாதிரி ஒண்ணு இருக்கும்… சுத்தி போல்ட் இருக்கும்… ஒரு மூலையைக் கடைசியா கழட்டணும், இல்லாட்டி எண்ணெய் மூஞ்சில…"

முகத்தில் கொட்டிவிட்டது.

வாயைத் துப்பிவிட்டு வெளியே வந்தபோது மருந்துக்கு வந்த ஜனம் மொத்தமும் வரிசையை விட்டு வேனைச் சுற்றி நின்றது. காலில் கட்டுப் போட்ட ஒரு மீன்காரம்மா, "அய்ய, சிஸ்டரு நல்லா இருந்த புள்ளைய சுட்ட கத்திரிக்கா பண்ணிட்டாங்கோ" என்றாள். வாய்க்குள் எண்ணெய் கசந்தது. ஆனாலும் எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு அன்று முழுக்க அடங்கவே இல்லை.

தட்டின் அடியில் இரும்புத் தூள் மைபோலப் படிந்திருந்தது. அதையும் உள்ளேயிருந்த சல்லடையையும் மண்ணெண்ணெயில் கழுவினோம். தட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே எண்ணெய் கசியாமல் இருக்க வைக்கிற பேக்கிங், கழற்றும்போதே பிய்ந்துவிட்டது. மருந்து வந்த கெட்டி அட்டையைத் தட்டின் விளிம்பில் வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டி அந்த வடிவத்துக்கே வெட்டியெடுத்தேன். இது லாரியில் கற்றது. இதில் எனக்குக் கூச்சம் இல்லை. போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன்.

எண்ணெய் ஊற்றும்போது சங்கடம் வந்தது. அளவுக்கம்பி போகிற குழாய் வழியாகத்தான் ஊற்ற வேண்டும். குழாய் சுண்டுவிரல் நுழையாத அளவு, அதுவும் பெட்டிக்குள் வளைந்து கிடந்தது. டிஸ்பென்சரியிலிருந்த புனல் எதுவும் சேரவில்லை. சிஸ்டர் ஒரு நிமிஷம் புத்தகத்தைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் வெள்ளைப் பீங்கான் பூச்சுப் பூசிய எனிமா கேன், நீளமான சிவப்பு ரப்பர் குழாயோடு.

கூட்டம் கேனைப் பார்த்தது, வேனைப் பார்த்தது. பிறகு வெடித்தது.

"இன்னா சிஸ்டர், வண்டிக்கு வவுத்துக் கடுப்பா?"

"ஒரு மாசமா போவலியே, பாவம்!"

"சோப்புத் தண்ணி போடுங்கோ சிஸ்டர், சும்மா பறக்கும்!"

கேனை உயரத்தில் பிடிக்க ஆள் வேண்டும். மீன்காரம்மா கட்டுப் போட்ட காலோடு வேனுக்குள் ஏறி, "குடு, எனுக்கு வச்சப்ப நல்லா பாத்துகினேன்" என்று கேனை வாங்கித் தலைக்கு மேல் தூக்கினாள். நான் ரப்பர் குழாயின் நுனியை வேனின் குழாய்க்குள் விட்டேன். முதல் டின்னை உடைத்ததும் எண்ணெய் பளபளவென்று செக்கச்சிவப்பாக வந்தது.

"ஐயோ, ரத்தம்!" என்று ஓர் அம்மா பின்வாங்கினாள்.

"எனிமாவும் ரத்தமும் ஒண்ணா ஏத்துறாங்கோடீ, பெரிய கேஸு" என்றாள் மீன்காரம்மா கையை இறக்காமல். சிஸ்டர் வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

நான்கு டின் இறங்கியது. கம்பியை உருவிப் பார்த்தேன். எண்ணெய் கோட்டில் நின்றது. வாச்மேனும் பார்த்துத் தலையாட்டினார். சிஸ்டர் ஏறி என்ஜினைக் கிளப்பினார், ஸ்டீயரிங்குக்குக் கீழேயிருந்த கியர் குச்சியை இழுத்தார், காலை அழுத்தினார்.

என்ஜின் உறுமியது. வேன் நகரவில்லை.

மறுபடி அழுத்தினார். புகை வந்தது. கூட்டத்தில் யாரும் ஜோக் அடிக்கவில்லை. சிஸ்டர் முன் கண்ணாடி வழியாக கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காயலான் கடைக்காரரின் லாரி அந்த வழியாகத்தான் வரும். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை; கருவாட்டுக் கஞ்சி நினைவுக்கு வந்தது.

"ஆஃப் பண்ணுங்க சிஸ்டர், அளவை இன்னொரு தரம் பாக்கறேன்."

"பேட்டரி வீக்கா இருக்கு தம்பி. இப்ப நிறுத்தினா மறுபடி ஸ்டார்ட் ஆகாது. அப்படியே பாருங்க."

ஓடுகிற என்ஜினில் கம்பியை உருவுவதா? என் பழைய டிரைவரின் கை எங்கிருந்தாவது வந்து செவிட்டில் விழும் என்று கழுத்தைச் சுருக்கிக்கொண்டு உருவினேன். துடைத்தேன், விட்டேன், எடுத்தேன்.

கம்பியில் எண்ணெய் இல்லை. நுனியில்கூட இல்லை.

"கோட்டுல இருந்துச்சே!"

"நானும் பாத்தேனே!" என்றார் வாச்மேன்.

பேட்டரி போனால் போகட்டும் என்று ஒரு நிமிஷம் நிறுத்தச் சொன்னேன். கம்பியை விட்டு எடுத்தால் எண்ணெய் கோட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. கிளப்பச் சொன்னேன். நல்ல வேளை, என்ஜின் பிடித்துக்கொண்டது. பார்த்தால் வறட்சி. ஓடும்போது எண்ணெய் மேலே எங்கோ போய் வேலை செய்கிறது, நின்றால் கீழே வந்து படுக்கிறது. நாங்கள் அது படுத்திருக்கும்போது அளந்து, சாப்பிட்டுவிட்டது என்று முடிவு செய்திருக்கிறோம்.

சிஸ்டர் புத்தகத்தைப் புரட்டி ஒரு வரியில் விரல் வைத்தார். அவர் குரல் மெதுவாக இருந்தது. "என்ஜினை ஓடவிட்டு அளக்கவும். இங்கேயே போட்டிருக்கு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே படிச்சேன். அச்சுப் பிழையா இருக்கும்னு வாச்மேன் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோணிச்சு."

"ஓடற இன்ஜின்ல எவனாவது கம்பிய உருவுவானா சிஸ்டர்?" என்றார் வாச்மேன். பிறகு ஏதோ நினைவு வந்து, அவர் முகம் மாறியது. தன் அறைக்குப் போய் ஒரு பெரிய கண்ணாடி சிரிஞ்சை எடுத்து வந்து ஸ்டூலின் மேல் வைத்தார். அதன் முனையில் மெல்லிய ரப்பர் குழாய் மாட்டியிருந்தது. உள்ளே கொஞ்சம் பழைய எண்ணெய்.

"தெனம் காலைல பாத்தா கோட்டுக்கு மேல நிக்கும் சிஸ்டர். ஜாஸ்தி கீறது வண்டிக்கு ஆவாதேன்னு… உறிஞ்சிட்டேன். கொஞ்ச கொஞ்சமா."

"உறிஞ்சி இன்னா பண்ணே?" என்று கேட்டாள் மீன்காரம்மா.

வாச்மேன் கேட்டைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். பிறகு எல்லோரும் கிணற்று ராட்டினத்தைப் பார்த்தோம். வார்டு ஜன்னல்கள், பிரசவ அறைக் கதவு, அவருடைய சைக்கிள் செயின் எல்லாம் வழவழவென்று வாயை மூடிக்கொண்டிருந்தன. ஒரு மாதமாக வேன் நகராமல் நின்றதற்குக் காரணம், அந்த வளாகத்தில் மற்றதெல்லாம் சத்தமில்லாமல் நகர்ந்ததுதான்.

பெரியவர் அழுதுவிடுவார் போலிருந்தது. சிஸ்டர் சிரிஞ்சை எடுத்துப் பார்த்தார். "இதை ரெண்டு மாசமா தேடறேன்" என்றார். அவ்வளவுதான். மறுபடி கூட்டம் சிரிக்கத் தொடங்க, நான் வேனின் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

என்ஜினை ஓடவிட்டபடியே ஊற்றினோம். மீன்காரம்மா கேனைப் பிடித்தாள், வாச்மேன் தானே டின்களை உடைத்தார். கோட்டை எட்ட இன்னும் நான்கு டின் பிடித்தது. சிஸ்டர் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு குச்சியை, அதன் பக்கத்தில் பொறித்திருந்த இங்கிலீஷ் எழுத்துகளில் ஒவ்வொன்றாக நகர்த்தினார். கடைசியில் வேன் அடியில் 'டொக்' என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது.

"தம்பி, இப்ப உள்ள பிடிச்சிருக்கு" என்றார் மூச்சுவிடாமல், காலை எடுத்தார்.

யாரும் எதையும் அழுத்தாமலே வேன் தானாக நகர்ந்தது. நடக்கப் பழகுகிற குழந்தையின் வேகத்தில், நேராக வாச்மேனைப் பார்த்து. அவர் கும்பிட்டபடி பின்னால் நடந்தார், வேனும் விடாமல் அவரைத் தொடர்ந்தது. ஜனம் கைதட்டியது.

நான் ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன். வாய்க்கொழுப்புதான், வேறென்ன. சிஸ்டர் இடம் கொடுத்தார். வளாகத்துக்குள் பத்தடி போனதும் வேகம் கூடியது. கியர் மாற்ற வேண்டும் என்று என் இடது கால் தன் பாட்டுக்குக் கிளச்சை மிதித்தது. கிளச் இருக்க வேண்டிய இடத்தில் அகலமான பிரேக் இருந்தது. வேன் ஆணியடித்தாற்போல் நின்றது. பின்னால் ஏறியிருந்த ஏழு பேரும் ஒருவர் மேல் ஒருவர் என் முதுகில் வந்து சேர்ந்தார்கள். இன்னொரு முறை முயன்றேன், மறுபடி அதே. மூன்றாவது முறை இடது காலை சீட்டுக்கடியில் மடக்கி வைத்தேன். அது திருட்டுத்தனமாக வெளியே வந்து மிதித்தது.

"எறங்குப்பா, உன் காலு ஜாஸ்தி" என்றாள் மீன்காரம்மா.

சிஸ்டர் ஓட்டினார். இடது கால் ஓர் ஓரமாக ஓய்வாக இருக்க, வலது கால் ஒன்றே இரண்டு பெடலுக்கும் போய் வந்தது. மருந்து வாங்கினவர்களை ஏரிப் பக்கம் கொண்டுபோய் விட்டு வருவோம் என்று பதினோரு பேரை ஏற்றிக்கொண்டு சாலைக்கு வந்தோம். நான் மருந்துக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு வலது சீட்டில் இருந்தேன். முன்னால் ஒரு நெல் லாரி ஊர்ந்தது. சிஸ்டர் அதன் பின்னாலேயே ஊர்ந்தார்.

"முந்துங்க சிஸ்டர்."

"எதிர்ல தெரியாது தம்பி. இடது பக்கம் உக்காந்தா லாரி முதுகுதான் தெரியும். ரெண்டு வருஷமா நான் ஒரு வண்டியையும் முந்தினதில்ல. மாட்டு வண்டியைக்கூட."

நான் ஜன்னலில் தலையை நீட்டினேன். சாலை வெறிச்சென்று கிடந்தது. "ஒண்ணுமே வரல. வாங்க!"

"நிச்சயமா?"

"வாங்க சிஸ்டர், வாங்க, வாங்க!"

வேன் வலது பக்கம் வந்து லாரியைத் தாண்டியது. பின்னால் பதினோரு பேரும் திருவிழாவில் கத்துவதுபோல் கத்தினார்கள். சிஸ்டரும் கத்தினார். அடுத்து இரண்டு மாட்டு வண்டி, ஒரு டிராக்டர், ஒரு பஸ். ஒரு சைக்கிளை முந்தியதற்கும் கைதட்டினோம். அன்று ராத்திரி வாச்மேன் அறையில் படுத்தபோது எனக்குத் தொண்டை கட்டியிருந்தது.

காலை எட்டுக்குக் காயலான் கடைக்காரர் லாரியோடும் கயிற்றோடும் வந்தார். வெற்றிலை மென்றுகொண்டே மோதிர விரலால் வேனைத் தட்டினார். "பாடி நல்லா கனமா கீது." பிறகு தகரப் பெட்டியைத் திறந்து கம்பியை உருவினார். "அட, எண்ணெ கோட்டுக்கு மேல நிக்குதே. இத்த கொஞ்சம் எறக்கினா…"

"கை வக்காதே!" என்று வாச்மேன் பாய்ந்து வந்து கம்பியைப் பிடுங்கினார். "ஓடச் சொல்லோ பாக்கணும்யா! இதுகூடத் தெரியாம இன்னாயா தொழில் பண்றே?"

சிஸ்டர் ஏறிக் கிளப்பி, கடைக்காரரையும் அவருடைய லாரியையும் கிணற்றையும் சேர்த்து ஒரு சுற்று வந்து, தொடங்கின இடத்தில் நிறுத்தினார். கடைக்காரர் லெட்டரை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "ஓடாத வண்டின்னாரே ஃபாதரு?"

"நேத்து வரிக்கும் ஓடல. வவுத்த சுத்தம் பண்ணிட்டோம்" என்றார் வாச்மேன்.

கடைக்காரரின் லாரி போனதும் சிஸ்டர் என்னிடம், "கும்மிடிப்பூண்டில கம்பெனி வாசல்ல இறக்கி விடறேன், நாஷ்டா சாப்பிட்டுக் கிளம்புங்க" என்றார். இட்லி சாப்பிட்டேன். வலது சீட்டில் ஏறினேன். கூடையை மடியில் வைத்துக்கொண்டேன்.

சாலையில் ஒரு பஸ் எங்களுக்கு முன்னால் போனது. சிஸ்டர் பாதி திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையை வெளியே நீட்டினேன். எதிரே ஒரு லாரி வந்தது. "இருங்க," என்றேன். அது போனது. "வாங்க."

பஸ்ஸைத் தாண்டி இடது பக்கம் ஒதுங்கியபோது கம்பெனி ஷெட்டுகள் வந்தன. புதுத் தகரம் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. கேட் முன்னால் முப்பது நாற்பது பேர், கையும் காலும் ஒழுங்காக உள்ளவர்கள், வரிசையில் நின்றார்கள். என்னை இறக்கிவிட சிஸ்டர் வேகத்தைக் குறைத்தார். எங்களுக்கு முன்னால், கொஞ்ச தூரத்தில், வைக்கோல் ஏற்றிய ஒரு வண்டி சாலையை அடைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

நான் தலையை வெளியே நீட்டினேன். "காலியா இருக்கு சிஸ்டர்," என்றேன். "வாங்க."